யார் குடிப்பார் என்று தெரியாது... ஆனாலும் காசு கொடுப்பார்கள்! நேப்பிள்ஸின் 'சொஸ்பேசோ' காபி

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு 'பார்' திறந்திருக்கும். பெயரைப் பார்த்து மதுக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். இத்தாலியர்களுக்கு பார் என்றால் முதலில் காபிக்கடைதான்!

பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதை கவுன்ட்டரில் வைத்தால், சின்னக் கோப்பையில் எஸ்பிரெசோ வரும். கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் தருவார்கள். தண்ணீரைத்தான் முதலில் குடிக்க வேண்டும். அப்போதுதான் காபியின் ருசி நாக்கில் நிற்குமாம். நின்றபடியே இரண்டு மூன்று மடக்கு, பக்கத்தில் நிற்பவரிடம் கால்பந்து பற்றி நாலு வார்த்தை... கிளம்பிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ கேட்டால் மட்டும், 'வெளியூர் போல' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்!

இதே கல்லாவில் சிலர் ஒரு காபி குடிக்க, இரண்டு காபிக்குப் பணம் கட்டுவார்கள். அந்த இரண்டாவது காபிதான் 'கஃபே சொஸ்பேசோ'. 'நிறுத்திவைத்த காபி' என்று அர்த்தம். காசில்லாத ஒருவர் பிறகு வந்து, "சொஸ்பேசோ இருக்கா?" என்று கேட்டால் போதும். இருந்தால் காபி வந்துவிடும்.

கொடுத்தவர் யாரென்று குடிப்பவருக்குத் தெரியாது. குடித்தவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாது. கைகூப்பி நன்றி சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை. 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

'பசித்தவருக்கு காபி எதற்கு, சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாமே?' என்று தோன்றலாம். நேப்பிள்ஸ்காரர்களுக்கு காபி வெறும் பானம் இல்லை. தினமும் நாலு பேரோடு நின்று பேசும் நேரம் அது. காசில்லை என்பதற்காக ஒருவர் அந்தக் கூட்டத்தை விட்டு விலகி நிற்க வேண்டியதில்லை. அவரும் அதே கவுன்ட்டரில், அதே கோப்பையில் குடிக்கிறார்.

கஷ்டம் அந்த ஊருக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய வறுமையில், பொரித்த பிஸ்ஸாவை இன்று சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1954-ல் வெளியான 'லோரோ டி நாப்போலி' படத்தில் சோபியா லோரன் அப்படிக் கடனுக்கு பிஸ்ஸா விற்கும் பெண்ணாகத்தான் வருவார்.

வசதி வந்ததும் சொஸ்பேசோ பழக்கம் குறைந்துபோனது. பொருளாதார நெருக்கடி வந்ததும் மீண்டும் தலைதூக்கியது. 2011 முதல் டிசம்பர் 10-ஐ சொஸ்பேசோ தினமாகவே கொண்டாடுகிறார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் கடைகளுக்குப் பூட்டு விழுந்தபோது, பால்கனிகளிலிருந்து கயிறு கட்டிய கூடைகள் தெருவுக்கு இறங்கின. முடிந்தவர்கள் அதில் உணவுப் பொருள் வைத்தார்கள். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் பெயர் கேட்கவில்லை.

நேப்பிள்ஸ் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கல்லாவில் "ஊன் கஃபே, ஊன் சொஸ்பேசோ" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று, நீங்கள் கிளம்பிய பிறகு வரப்போகிறவருக்கு!