அந்நிய தேச வாசம்

ஊரிலுள்ள வாலிப உபாத்தியாயர்கள் சிலர் அடிக்கடி நம்மைக் கேட்பதுண்டு: "அயல்நாட்டில் உத்தியோகம் கிடைக்கிறது, போகலாமா, வேண்டாமா?" எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் ஆறு வருஷமாகக் கணிதம் போதித்து வருகிறோமாதலால், இதற்கு விடை கூற நமக்கு ஓரளவு பாத்தியதை உண்டு. ஆனால் வரவு செலவு இரண்டையும் பார்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் வரவைப் பார்ப்போம். 1886-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட இந்நகரின் பெயருக்குப் 'புதுமலர்' என்று பொருள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,350 மீட்டர், அதாவது உதகமண்டலத்தைக் காட்டிலும் சற்று உயரத்தில் இருக்கிறது. சென்னை வெயிலில் வெந்தவர்களுக்கு இந்தச் சீதோஷ்ணமே பாதிச் சம்பளம் என்னலாம். ஒரு குறை மட்டும் உண்டு. இவ்வுயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 பாகையிலேயே கொதித்துவிடுவதால் துவரம் பருப்பு இலேசில் வேகாது. முதல் மாதத்தில் நம் இல்லாள் பருப்புடன் நடத்திய யுத்தத்தைத் தனிப் பர்வமாகவே பாடலாம். பிரஷர் குக்கர் வந்த பின்னரே சமாதானம் ஏற்பட்டது.

மற்றபடி ஆகாரத்துக்குக் கஷ்டமில்லை. இந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்திய நீண்ட நோன்புக் காலத்திலும் மாமிசம், பால், முட்டை ஆகியவற்றை விலக்குகிறார்கள். ஆகவே சிறிய போஜனசாலையிலும் பருப்பும் கீரையும் கிடைக்கும். டெஃப் என்னும் சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்து வார்க்கும் இஞ்செரா, நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

இவற்றினும் பெரிய வரவு ஒன்றுண்டு. பிறர் நாட்டைப் பார்க்கப் போனவனுக்குத் தன் நாட்டைப் பார்க்கவும் கண் திறக்கிறது. இந்நாட்டார் சூரியோதயத்திலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம்முடைய காலை ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி. நாமும் ஒரு காலத்தில் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினோம். இன்று அது பஞ்சாங்கத்தோடு நின்றுவிட்டது. இவர்களுடைய வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். எழுத்துக்களோ, நம் உயிர்மெய்யைப் போலவே, ஏழு உயிர்களோடும் கூடி உருமாறுகின்றன. 1896-இல் அத்வாப் போரில் இத்தாலியரை முறியடித்தவர்கள் இவர்கள். 1936 முதல் 1941 வரை அந்த இத்தாலியரே வந்து பிடித்து வைத்திருந்த காலம் நீங்கலாக, அந்நிய ஆட்சியை அறியாதவர்கள். ஆதலால் "இது எங்கள் வழக்கம்" என்று கூச்சமின்றிச் சொல்லுகிறார்கள். அந்தக் கூச்சமின்மையை நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கு இங்கே மரியாதையும் உண்டு. ஹெய்லி செலாஸி சக்கரவர்த்தியின் காலத்தில் இந்தியாவிலிருந்து ஏராளமான உபாத்தியாயர்கள் இந்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தனர். இன்றும் நரை தட்டிய பெரியவர்கள், "எனக்கும் ஓர் இந்தியர்தான் கணக்குச் சொல்லித் தந்தார்" என்று நம் கையைப் பற்றிக் கொள்கிறார்கள். அவர்கள் சம்பாதித்து வைத்த நற்பெயருக்கு வட்டி வாங்குகிறவர்கள் நாம்.

இனிச் செலவு. 2024 ஜூலையில் இந்நாட்டு நாணயமாகிய பிர்ரின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. அதுவரை டாலருக்குச் சுமார் 57 பிர்ராக இருந்தது, சில மாதங்களுக்குள் நூறைத் தாண்டிற்று. நம் சம்பளத்தில் ஒரு பகுதி டாலரில் வருவதால் தப்பினோம். அடுத்த வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் எத்தியோப்பிய நண்பருக்கோ முழுவதும் பிர்தான்; அதுவும் நாம் பெறுவதில் ஒரு சிறு பங்கு. பிள்ளைகளின் தாய்மொழி அறிந்தவர். மந்தமான மாணவனைத் தேற்றிவிடுவதில் நம்மினும் வல்லவர். இருவருக்குமுள்ள பேதம் கடவுச்சீட்டு ஒன்றே. வெள்ளைக்கார உத்தியோகஸ்தருக்கு ஒரு சம்பளம், அதே வேலை செய்த இந்தியருக்கு வேறு சம்பளம் என்றிருந்த காலத்தில், அதை அநீதி என்று முழங்கிய பெரியோர் வழியில் வந்தவர்கள் நாம். இங்கே தெருப் பிள்ளைகள் அயலாரைக் கண்டால் 'ஃபெரெஞ்ச்' என்று கூவுவார்கள். நம் 'பரங்கி'யும் இந்த ஃபெரெஞ்சும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். சம்பள நாளில் அந்தக் கூவல் காதில் விழும்போது, அது முற்றிலும் தவறென்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

மற்றொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது. குழாயில் தண்ணீர் நின்றால் லாரியில் தருவித்துக் கொள்கிறோம். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இருக்கிறது. மதிலுக்கு வெளியே நடப்பதெல்லாம் 'அவர்கள் பாடு'. சொந்த ஊரில் ஏரி தூர்ந்தாலும், பள்ளிக்கூடம் இடிந்தாலும், 'நாம்தான் அங்கில்லையே!' இவ்விதமாக இரண்டு ஊரிலும் விருந்தாளியாகி, ஓரிடத்திலும் கடமையற்றவனாகி விடுகிறான் மனிதன். சுகமான நிலைதான், ஆனால் மனம் துருப்பிடிக்கும் நிலை.

பதினொரு வயதான நம் புதல்விக்கு இந்நாட்டு எழுத்துக்கள் சரளமாக வருகின்றன. ஊரிலிருந்து பாட்டி எழுதும் தமிழ்க் கடிதத்தை மட்டும் எழுத்துக் கூட்டியே படிக்கிறாள். எழுபத்தெட்டு வயதில் அந்த அம்மாள் கை நடுங்க எழுதுவதை, பேத்தி இரண்டாம் வரியில் விட்டுவிட்டு நம்மிடம் நீட்டுகிறாள். இந்தச் செலவை எந்த நாணயத்தில் கணக்கிடுவது?

ஆகவே வாலிப நண்பர்களுக்கு நம் விடை இதுதான். அவசியம் போங்கள்; ஆனால் திரும்பும் வருஷத்தைக் குறித்துக் கொண்டு போங்கள். போன இடத்துப் பாஷையைக் கற்று, சம்பளமில்லாத கடமை ஒன்றையேனும் மேற்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக, சனிக்கிழமை மாலைகளில் மேற்சொன்ன நண்பரும் நாமும் சேர்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறோம். இதனால் சம்பள பேதம் ஒழிந்துவிடவில்லை. எங்கள் தெருவில் மாத்திரம் இப்போது 'ஃபெரெஞ்ச்' என்ற கூவல் இல்லை. 'மெம்ஹிர்' என்கிறார்கள், ஆசிரியர் என்று பொருள்.

வரும் ஜூனில் நம் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்து விட்டோம். பாட்டிக்குப் பரம சந்தோஷம். புதல்விதான் இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்கு இதுவே ஊர். அந்தக் கண்ணீரையும் செலவுப் பக்கத்தில் எழுதிக் கொண்டுதான் புறப்பட வேண்டும்.