கேள்வியைச் சுமந்து சென்றவர்

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் அந்த வழியே போய்த்தான் காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தார் என்கிறது வைணவ மரபு. நடுவழியில் ஸ்ரீபெரும்புதூர். ஒரு மாலை, தெருவோடு போன நம்பிகளின் முகப் பொலிவைப் பார்த்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போக வேண்டும் என்று ஓர் இளைஞர் வழிமறித்தார். 1017-இல் பிறந்த ராமானுஜர்தான் அவர்.

சாப்பிட்ட பிறகு கால் பிடித்துவிட ராமானுஜர் முன்வர, நம்பிகள் கூசி விலகினாராம். நம்பிகள் வைசிய குலம், ராமானுஜர் அந்தணர். ஆனால் அந்த ஒரு வேளைச் சோற்றில் பிடித்த உறவு விடவில்லை. பின்னாளில் ராமானுஜரின் மனத்தில் விடை தெரியாத கேள்விகள் புரண்டபோது, அவருக்காக வரதராஜரிடம் போய்க் கேட்டு ஆறு வார்த்தைகளை வாங்கி வந்தவர் நம்பிகளே. பெரிய நம்பி என்கிற ஆசாரியரைக் குருவாகக் கொள் என்பது அவற்றில் ஒன்று. ராமானுஜரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட வார்த்தை அது.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது விருந்தல்ல, அந்தத் தூதுதான். நம்மால் நேரில் கேட்க முடியாததை நமக்காகச் சுமந்து போய்க் கேட்டு வருகிறவர் எத்தனை பேருக்கு வாய்க்கிறார்?

எனக்கு வாய்த்தார். 2015 டிசம்பர் மழையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று ஊரே கலங்கிக் கிடந்த இரவு அது. அம்பத்தூருக்குப் பஸ் இல்லாமல் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். போன் செத்துவிட்டது. பக்கத்தில் நனைந்துகொண்டிருந்தவர், "எங்க வீடு பக்கம்தான், வாங்க சார், விடிஞ்சதும் போய்க்கலாம்" என்றார். என்ன ஊர், என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனைவி சுடச்சுட ரசம் சாதம் போட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் என்பதே காலையில் டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது.

பிறகு எஸ்டேட் பக்கம் போகும்போதெல்லாம் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பேன். அவர் மகளின் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற பொறுப்பு எனக்கு. என் மகன் கல்லூரியை விட்டுவிட்டு வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்த காலம் ஒன்று வந்தது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பட்டறைக்கு அழைத்துப் போய், மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "புள்ளைக்குப் படிப்பு மேல கோவம் இல்ல சார், உங்க மேல பயம்" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் சொன்னதால் மகனின் அறைக்குப் போனேன்.

அன்று பஸ் நிலையத்தில் அவர் பேச்சுக் கொடுத்ததால் வந்த உறவு இது. இப்போதோ, பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசவே கூடாது என்பதுபோலக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு போகிற வழக்கம் பூந்தமல்லி–அம்பத்தூர் தடத்துப் பஸ்களிலும் வந்துவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிகளுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. மாசி மிருகசீரிடம் அவர் திருநட்சத்திரம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு அவரையும் பார்த்து வாருங்கள். கூட்டத்தில் அறிமுகமில்லாதவர் யாராவது பக்கத்தில் நின்றால், ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.