முகூர்த்த நாளும் காப்பிப் பழமும்

ஏற்காட்டில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவனின் வருமானத்தை முதலில் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. மலையில் மாதா கோயில் குடும்பங்கள் நிறைய உண்டு என்பதால் ஆடியில் ஒன்றிரண்டு தேவாலயத் திருமணங்கள் கைகொடுக்கும். ஆனால் தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் அவர்களும் பொதுவாக மணம் வைப்பதில்லை. அது முடிவதற்குள் இங்கே மார்கழி பிறந்திருக்கும்.

இரண்டாவதாகத் தீர்மானிப்பது காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடிதான் இன்றும் இந்த மலையின் பல கல்யாணங்களுக்குப் பணம் தருகிறது. கார்த்திகை வாக்கில் தொடங்கும் பழப் பறிப்பு தை, மாசி வரை போகும்; தோட்டக்காரர் கையில் காசு புரள்வதும் அப்போதுதான். சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989-ல் முறிந்தது. அதன்பின் வியட்நாம் மூட்டை மூட்டையாகச் சந்தையில் இறக்கியது. 2001 வாக்கில் உலக விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டுகளில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் சிறு தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் முதலில் வீடியோ நின்றது, அப்புறம் ஆல்பம் பாதியாயிற்று. ‘நம்ம படம் முன்ன மாதிரி இல்லையோ’ என்று நல்ல கைகாரர்களே தங்களைச் சந்தேகித்தார்கள். நியூயார்க்கில் விழுந்த விலைக்கும் அவர்கள் கைக்கும் என்ன சம்பந்தம்? 2025 தொடக்கத்தில் அராபிகா விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனபோது டிரோனும் பெரிய ஆல்பமும் கேட்டு வந்தார்கள். அதுவும் படமெடுக்கிறவர்கள் திறமை ஏறியதால் வந்ததல்ல.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வரவு ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து உங்கள் தகுதியை எடைபோடாதீர்கள். எடைபோட வேறு இடங்கள் இருக்கின்றன.

உதாரணமாக, மூடுபனி. கேமராவின் மீட்டர் எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். லேடீஸ் சீட் பக்கம் மூட்டம் ஏறும்போது மீட்டரை நம்பி எடுத்தால் வெண்மை அழுக்காகி, மணமக்கள் முகம் இருண்டுபோகும். ஒரு ஸ்டாப், சில நேரம் அதற்கு மேலும் கூட்டித்தான் எடுக்க வேண்டும். நேரே ஃபிளாஷ் அடித்தால் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பியனுப்பி முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். தோட்டத்துக்குள் வேறு தொல்லை. சில்வர் ஓக் நிழலில் வெயில் திட்டுத்திட்டாக விழும். இலைப் பச்சை தோலில் ஏறி, மஞ்சள் பூசிக் குளித்த முகமும் சீக்காளி முகம்போல் தெரியும். பாதையோரமாக நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். காப்பிப் பூ வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தேதி கொடுத்துவிடாதீர்கள். கோடையின் முதல் நல்ல மழை பெய்து பத்து நாள் வாக்கில் மலை வெள்ளையாகும். சில நாளில் பழுப்பாகிவிடும். எந்த முகூர்த்தத்துக்கும் அது காத்திருக்காது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு மட்டும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் லைட் பிடித்தவர். ‘ஆளைப் பார்க்காதே, நிழல் எங்கே விழுதுன்னு பாரு’ என்பார். சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். தாலி கட்டும் நேரத்தில் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் கெட்டிமேளம் முடிந்துவிடும். அதனால் அட்சதை எறியப் போகிற கைகள் எந்தப் பக்கம் உயரும், மாமன் எங்கே வந்து மறைப்பார் என்பதை முன்கூட்டியே கணித்து நின்றோம். இன்று ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். குறை சொல்ல வரவில்லை. தம்பிகள் எடுக்கும் சில படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையே வருகிறது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தை இப்போதும் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிடுகிறேன். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் அன்றன்றே கணக்கு முடிந்துவிடும். ஆல்பம் பிறகு வருவதால் போட்டோகாரர் கணக்கு மட்டும் கடைசியில் நிற்கும். அப்போது கல்யாண வீடு கடனில் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கை முகூர்த்தத்துக்கு முந்தின மாலைக்குள் வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் அதுதான் எளிது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பிறகு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றானபோது, தவணையில் புதுக் கேமரா எடுத்தவர்கள்தான் முதலில் ஒடிந்தார்கள். பழைய கேமராவோடு இருந்தவர்கள் காய்கறி வண்டி ஓட்டியாவது தாக்குப்பிடித்தார்கள். ஆடிக்கு வேண்டியதை வைகாசியிலேயே தனியாக எடுத்து வைக்கிற வீட்டில் சண்டை குறைவு.

எல்லா ஸ்டுடியோவிலும் வாங்கப்படாத ஆல்பங்கள் சில கிடக்கும். பாக்கி கொடுக்க முடியாதவர்கள் சிலர். கல்யாணமே முறிந்துபோனவர்கள் சிலர். அப்படிப் பிரிந்து வந்த ஒரு பெண்ணின் தாயார், மாப்பிள்ளை இல்லாத படங்களை மட்டும் கேட்டு வந்தார். நலங்கு வைத்த படங்கள், பாட்டியோடு உட்கார்ந்திருந்த படம், தோழிகளோடு சிரித்தது என்று தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். பாக்கியைப் பற்றி நானும் பேசவில்லை, அந்த அம்மாவும் பேசவில்லை. அந்தப் பிள்ளை அன்று சந்தோஷமாக இருந்தது உண்மை. அந்த உண்மை அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது.

வீட்டு விஷயம் இதைவிடக் கடினம். ஊருக்கெல்லாம் நல்ல நாள் என்றால் நம் சொந்தக்காரர்களுக்கும் அதே நாள்தான். என் மனைவி தன் அண்ணன் பிள்ளைகள் கல்யாணத்துக்கெல்லாம் தனியாகப் போய் மொய் வைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டு ஆல்பங்களில் நான் கிடையாது. பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதுக் காலண்டர் வந்ததும் முதலில் அவள் தன் நாட்களைக் குறிப்பாள். அதற்கப்புறம்தான் நான் அட்வான்ஸ் வாங்குவேன். அந்த நாட்களில் கேட்டு வருகிறவர்களைச் சேலத்தில் எனக்குத் தெரிந்த தம்பியிடம் அனுப்பிவிடுவேன்; அவரும் எனக்கு அனுப்புவார். சில வாடிக்கைகள் அவரோடே தங்கிவிட்டன. இருக்கட்டும். பெரிய மகளின் பிள்ளைக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தினார்கள்.

இப்போது ஆடி மாதங்களில் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிறேன். ஊட்டித் தொழிற்சாலையில் செய்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம்களும் அவற்றில் உண்டு. அந்தத் தொழிற்சாலையே மூடிவிட்டது. ஈரமலை இது, பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். கல்யாணக் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரும்படி பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவருக்கு வேறு படமே இருப்பதில்லை. இரண்டு இடங்களில் சேமித்து வைக்கிறேன், கவர்மேல் ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதிவிடுகிறேன். நாகலூர் முடிந்தது. வாழவந்தி உறைகளை நாளைக்குப் பிரிக்க வேண்டும்.