யாளிக்கு ரோமம் எந்தப் பக்கம்?

கோயில் தூணில் யாளியைப் பார்க்காத சகோதரிகள் இருக்கமாட்டீர்கள். சிங்க உடம்பு, சிலவற்றுக்கு யானைத் துதிக்கை, வாய்க்குள்ளே உருளும் கல் குண்டு. எங்கள் செட்டிநாட்டில் வீட்டு நிலையிலும் பர்மா தேக்கில் அதைச் செதுக்கி வைத்திருப்பார்கள். கோலக் கிண்ணத்தோடு தினமும் அதன் அடியிலேதான் போய்வருகிறோம். அந்த மிருகத்தின் மேலே இருப்பது வரியா, புள்ளியா என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? என்னை யோசிக்க வைத்தவள் என் மகள்.

அவள் சென்னையில் அனிமேஷன் படிக்கிறாள். பொம்மை போடுவதற்கு ஒரு படிப்பா என்று அவள் அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே மனத்தாங்கல். போன வருஷம் வகுப்பில், உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தைத் தோல், ரோமம், நிறம் எல்லாம் நம்பும்படியாக வரையச் சொன்னார்கள். இவள் யாளியை எடுத்துக்கொண்டாள். படம் திரும்பி வந்துவிட்டது. பஞ்சு ஒட்டின பொம்மை மாதிரி இருக்கிறதாம்! லீவுக்கு வந்தவள், "இனிமே போகலம்மா" என்று பெட்டியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாள். அவுக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் பத்தாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் தெரியாது, தையல் தெரியும். வெல்வெட்டில் ரவிக்கை தைத்தவர்களுக்குத் தெரியும், அதன் ரோமத்துக்கு ஓட்டம் உண்டு. முதுகுத் துண்டை மேல்நோக்கியும் முன்துண்டைக் கீழ்நோக்கியும் வெட்டிவிட்டால், ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். அவள் படத்தில் ரோமம் எல்லாப் பக்கமும் குத்திட்டு நின்றது. "இதுக்கு ஓட்டமே இல்லையே ஆத்தா" என்றேன்.

மறுநாள் ஊரில் அப்பத்தா வீட்டுத் தொழுவத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். பசுவின் நெற்றிச் சுழியிலிருந்து ரோமம் நாலு பக்கமும் பிரிகிறது. முதுகில் வாலை நோக்கிப் படிகிறது, விலாவில் சரிந்து வயிற்றுக்கு இறங்குகிறது. மழைத் தண்ணீர் வழிந்துபோக வேண்டாமா! இரண்டு ஓட்டம் மோதும் இடத்தில்தான் சுழி. அப்பத்தா குஷியாகிவிட்டார்கள். சுழி பார்க்காமல் மாடு வாங்குவாகளா என்று தொடங்கி, காரி, செவலை, மயிலை, மறை என்று சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளைகளின் நிறமெல்லாம் வரிசையாகச் சொல்ல, பேத்தி நோட்டில் வரைந்துகொண்டே இருந்தாள். மறை என்றால் உடம்பில் திட்டுத் திட்டாக வேறு நிறம் இருப்பது.

புள்ளியும் வரியும் எப்படி வருகின்றன என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். 1952-இல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை ஒரு கணக்குப் போட்டாராம். கருவின் தோலில் இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, வெவ்வேறு வேகத்தில் பரவினாலே போதும், கோலம் தானாக விழும் என்று. பின்னால் வந்தவர்கள் அதை வாலுக்கும் நீட்டினார்கள். அகலமான உடம்பில் புள்ளி விழும். ஒடுங்கிய வாலில் புள்ளிக்கு இடமில்லை, வளையமாகிவிடும். சிவிங்கிப்புலியைப் பாருங்கள், உடம்பெல்லாம் புள்ளி, வால் கடைசியில் வளையம். வரி போட்ட உடம்புக்குப் புள்ளி வால் வைத்தால்தான் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும்.

கஷ்டப்படுத்தியது துதிக்கைதான். பிடரி மயிர் அடர்த்தி, யானைத் தோலோ மொட்டை. எங்கள் நிலையில் செதுக்கிய ஆசாரி, அந்த இணைப்பை ஒரு மணிமாலை போட்டு மூடிவிட்டார். கெட்டிக்காரர்! தேக்கில் ஒவ்வொரு மயிராக இழைக்க முடியாது என்று பிடரியைச் சுருள் சுருளாகவும் விட்டுவிட்டார். சினிமா யாளிக்கு அது பற்றாதே. யானைக்குட்டிக்குத் தலையில் விறைப்பான மயிர் இருக்குமல்லவா? பிடரி மயிரைக் கன்னத்தில் அப்படி ஐதாக்கிக்கொண்டே வந்து, துதிக்கையில் அங்கொன்று இங்கொன்றாக நிறுத்தினாள். முதுகு கருஞ்செவலை, அடிவயிறு வெளிறல்.

அதை ராத்திரி கூடத்தில் விரித்து வைத்திருந்தாள். அவுக சாப்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். "வாலுக்கு ஏன் கறுப்பு வளையம்? மயிலை போடு, எடுப்பா இருக்கும்" என்றார்கள். "இல்லப்பா, இருட்டில தெரியாது" என்று அவள் மறுக்க, பதினொரு மணி வரைக்கும் வழக்கு நடந்தது.

லீவு முடிந்ததும் ரயிலேறிவிட்டாள். வால் மயிலையாகவே போயிற்று.