பெயர் மாறிய சங்கு

மதுரையில் சொக்கநாதப் பெருமான் நிகழ்த்திய திருவிளையாடல்களுள் ஒன்று மாணிக்கம் விற்றது. பாண்டியர் மணிமுடிக்கு மணிகள் வேண்டியிருந்தபோது இறைவனே வணிகராக எழுந்தருளினார். மணிகளைக் காட்டி விலை கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. நவமணிகளின் பிறப்பையும் குணத்தையும் குற்றத்தையும் அமைச்சர்களுக்கு விளக்கியதாகப் பரஞ்சோதி முனிவர் பாடியுள்ளார். விற்பவர் கடவுளே ஆயினும், பொருளின் இலக்கணம் அறிந்தே வாங்க வேண்டும் என்பது அந்தப் படலத்தின் உட்கருத்து.

இந்தப் படலத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவர், திருவேடகத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். சோழவந்தானுக்கு அருகே வைகைக் கரையில், திருஞானசம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து சேர்ந்த தலம் அது. ஆசிரியரின் மனைவி இறைவனடி சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இராமேசுவர யாத்திரையில் அந்த அம்மையார் வாங்கி வந்த இடம்புரிச் சங்கு ஒன்று பூசையறையில் இருந்தது. "ஒரு வலம்புரியும் நம் வீட்டுக்கு வந்துவிட்டால் வேறென்ன வேண்டும்?" என்று அவர் ஒருமுறை சொன்னது ஆசிரியரின் நெஞ்சில் தங்கிவிட்டது.

மனைவியின் நினைவாகக் கார்த்திகைச் சோமவாரங்களில் அன்னதானம் செய்வதற்கென்று ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. அந்த வேளையில் பேரனின் கைப்பேசியில், வலம்புரிச் சங்கு விற்பனைக்கு உண்டு என்று அயல்நாட்டு வணிகர் ஒருவர் தந்த விளம்பரம் தென்பட்டது. பால்போல் வெண்மையான சங்கு; உடன் ஆய்வகச் சான்றிதழ்; காதில் வைத்தால் ஓங்காரம் ஒலிக்கும் என்ற உறுதிமொழி. விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ஆசிரியர் தயங்கினார், பின்னர் மனைவியின் சொல்லை நினைத்துப் பணத்தை அனுப்பிவிட்டார். பொதி வந்தபோது சுங்க வரியும் தனியே கட்ட நேர்ந்தது.

சங்கு அழகாகவே இருந்தது. காதில் வைத்தார், ஓங்காரம் கேட்டது. மனைவியின் பழைய சங்கை உள்ளறைப் பெட்டியில் வைத்துவிட்டு, புதியதைப் பீடத்தில் அமர்த்தினார்.

வெள்ளிப் பூண் கட்டுவதற்காக அதை மதுரைக்கு எடுத்துச் சென்ற நாளில்தான் உண்மை வெளிப்பட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே சங்கு விற்கும் முதியவர் ஒருவர், கீழக்கரையில் சங்கு குளித்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் சங்கைக் கையில் வாங்கி, வாயினுள் விரலைச் செலுத்தித் தடவினார். பின்னர்த் தம் கடையிலிருந்த சாதாரண இடம்புரி ஒன்றை எடுத்து, ஆசிரியரின் விரலை அதனுள் வைக்கச் சொன்னார். நடுத்தண்டில் மூன்று நான்கு வரிகள் தெளிவாகத் தட்டுப்பட்டன. ஆசிரியர் கொண்டுவந்த சங்கினுள் அந்த வரிகள் இல்லை, வழவழப்பாக இருந்தது.

"ஐயா, கடல் பொய்யாக எதையும் படைப்பதில்லை. இதுவும் உண்மையான சிப்பிதான். விற்றவர் பெயரை மாற்றிவிட்டார்" என்றார் முதியவர்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மணற்பாங்கான கடலடியில் வாழ்வதே நம் பூசைக்குரிய சங்கு. அதன் இயல்பான சுழற்சி இடம்புரி. எண்ணற்ற இடம்புரிகளுக்கு நடுவே மிக மிக அரிதாகவே வலம்புரி தோன்றும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி 1914-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் மின்னல் சங்கு வேறோர் இனம். அதற்கு வலம்புரியாகச் சுழல்வதே இயல்பு. அங்கே அது அரிய பொருளன்று. டெக்சாஸ் மாநிலம் 1987-இல் அதைத் தன் மாநிலச் சிப்பியாகவே அறிவித்தது. அதன் புடைப்புகளையும் பழுப்புக் கோடுகளையும் தேய்த்து மெருகேற்றினால், நம் வலம்புரி என்று விற்றுவிடலாம்.

சான்றிதழை ஆசிரியர் மீண்டும் படித்துப் பார்த்தார். 'இயற்கையான சங்கு, கால்சியம் கார்பனேட்டால் ஆனது' என்றிருந்தது. அதில் பொய் இல்லை. எல்லாச் சிப்பிகளும் அப்படித்தான். எந்த இனம் என்பது மட்டும் எழுதப்படவில்லை. ஓங்காரமும் அவ்வாறே. சுற்றுப்புற ஒலி குழிவினுள் எதிரொலிப்பதே அது. வெற்றுச் செம்பைக் காதில் வைத்தாலும் கேட்கும்.

வணிகருக்கு எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. பேரன் இணையவழி மோசடிக்கான 1930 எண்ணையும், நுகர்வோர் உதவிக்கான 1915 எண்ணையும் அழைத்துப் புகாரைப் பதிவு செய்தான். பணம் அனுப்பிய உடனே அழைத்திருந்தால் அதைத் தடுத்து நிறுத்த ஓரளவு வாய்ப்பு இருந்திருக்கும். கடல் கடந்து போன பணத்தை மாதங்கள் சென்றபின் மீட்பது எளிதன்று.

ஆசிரியரை வருத்தியது பணம் போனது மட்டுமன்று. மனைவியின் பெயரால் பசியாற வேண்டியவர்களின் சோறு போயிற்று என்பதே அவருடைய வேதனை. வெளியே சொன்னால் ஊர் நகைக்கும் என்று பல நாள் வாய் திறவாதிருந்தார். ஏடு வெள்ளத்தில் எதிரேறிய ஊரில் இருந்துகொண்டு, உண்மையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறோமே என்று ஒரு நாள் அவருக்கே தோன்றியது.

அடுத்த கார்த்திகையின் முதற் சோமவாரம். ஏடகநாதர் சந்நிதியில் வழிபாடு முடிந்ததும், மண்டபத்தில் அமர்ந்திருந்த அன்பர்கள் முன்னே ஆசிரியர் இரண்டு சங்குகளை வைத்தார். நடந்ததை மறைக்காமல் கூறினார். ஒவ்வொருவரையும் உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் செய்தார். நீண்டு ஒடுங்கிய முனை மேலேயும் வாய் தம்மை நோக்கியும் இருக்கப் பிடித்தால், வலம்புரியின் வாய் வலப்பக்கம் இருக்கும் என்று காட்டினார். படத்தை மட்டும் நம்பலாகாது. இடம்புரியின் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பினால் வலம்புரியாகிவிடும். வாங்குபவரின் பெயர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து அசைபடம் அனுப்பச் சொன்னால், எழுத்துகள் தலைமாறியிருப்பதே சூழ்ச்சியைக் காட்டிவிடும். பொருள் கைக்கு வந்து, அறிந்தவர் பார்க்கும் முன் முழுப் பணத்தையும் தருவதில்லை என்று உறுதி கொள்வதே தலையாய காப்பு.

கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், தம் மகன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவிருந்த மரகத இலிங்கத்தைப் பற்றி மெல்லிய குரலில் வினவினார். அதற்கு முன்பணம் அன்று மாலை அனுப்புவதாக இருந்ததாம். மணி அறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அம்மையார் அங்கிருந்தே மகனை அழைத்தார்.

அவ்வாண்டு அன்னதானம் சிறிய அளவில் நடந்தது. ஓர் அண்டா தயிர்சாதம், அவ்வளவே. வீட்டுப் பீடத்தில் மீண்டும் இடம்புரிச் சங்கு அமர்ந்தது. அம்மையாரின் கைபட்டுத் தேய்ந்த அதன் விளிம்பில் நீர் நிரப்பி, ஆசிரியர் இலிங்கத் திருமேனிக்கு அபிடேகம் செய்தார்.