மம்பட்டிப் பட்டாளம்

அப்பாயியின் வாயை அடைத்தவன் நான். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

1979இல், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலிருந்து விடுமுறைக்கு ஹட்டன் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தேன். மழை விடாத ஆடி மாதம். லயத்து இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாயி, யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள்: "எங்க அப்பனுக்குத் தாத்தா பட்டாளத்துக்காரருடா சாமி. துப்பாக்கி இல்ல, மம்பட்டி புடிச்ச பட்டாளம். கண்டி ரோட்டுல கல்லு ஒடச்சாராம்."

நான் சிரித்தேன். மம்பட்டி பிடித்தவன் கூலியாள், பட்டாளத்துக்காரன் இல்லை என்றேன். நாமெல்லாம் கோப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்ற திமிர். அவள் பதில் பேசவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

1984இல் இறந்துபோனாள். அதற்கும் பல வருடங்கள் கழித்து மேஜர் தாமஸ் ஸ்கின்னரின் சுயசரிதை என் கைக்கு வந்தது. பதினைந்து வயதை ஒட்டி இலங்கைப் படையில் சேர்ந்த பையன் அவர். 1820இல் கண்டி வீதி வேலைக்கு அனுப்பப்பட்டு, பிறகு பல பத்தாண்டுகள் இந்த மலைகளில் பாதை வெட்டினார். அவருடைய தகப்பனும் பட்டாளத்து அதிகாரிதான். 1877இல் ஸ்கின்னர் இறந்த பின், 1891இல் அவருடைய மகள் ஆனி அந்தக் குறிப்புகளைத் தொகுத்து லண்டனில் புத்தகமாக்கினார். அந்த வீதிகளைப் போட்ட கைகள் பயனியர் படையுடையவை: தென்னிந்தியாவில் ஆள் சேர்த்து, இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வைத்து வேலை வாங்கிய படை. சாட்சாத் மம்பட்டிப் பட்டாளம். அப்பாயி சொன்ன மனிதர் அதில் இருந்தாரா என்று எந்த ஏட்டிலும் நான் காணவில்லை. ஆனால் அப்படி ஒரு பட்டாளமே கிடையாது என்று அடித்துச் சொன்னவன் நான்தானே.

அவள் ஏன் அன்றைக்கு அதை எடுத்தாள் என்பதும் பிறகுதான் உறைத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களிடம் கேட்டது என்ன? தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி. அது இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி. லயத்தில் யாரிடம் இருந்தது பிறப்புப் பத்திரம்? நாடற்றவர்களாக்கப்பட்டோம். எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பக்கத்துக் காம்பராக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சனங்கள் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனதை அவள் அதே இஸ்தோப்பில் நின்று பார்த்தாள். காகிதமே இல்லாதவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கதை. அதைத்தான் படித்த பேரனிடம் ஒப்படைக்க வந்தாள்.

மேஜருக்கு ஒரு ஆனி இருந்தார். அப்பாயியின் பூட்டனுக்கு நான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவள், "அவரு பேரு..." என்று தொடங்கியிருந்தாள். அந்த இடத்தில்தான் நான் குறுக்கே பேசினேன்.