ஒரு வருஷ உப்பும் ஒரு நீல ஷீட்டும்

எங்கள் ஊர் கோட்டக்குப்பம். புதுச்சேரி முடிகிற இடத்தில் ஆரம்பிக்கும். ஈசிஆர் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நீல ஷீட் கண்ணில் படும். கரையில் வலைக் குவியல் மேல், மழைக்காலத்தில் கீற்றுக் கூரை மேல், கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகை மேல். எல்லாரும் தார்ப்பாய் என்றுதான் சொல்வோம். அதில் தாரும் கிடையாது, பாயும் கிடையாது. அதன் நிஜப் பேர் ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி அதிகமான பாலிஎத்திலீன். நம்ம பாலிமர் பேப்பரில் 2 மார்க் கேள்வியாக வந்து போகுமே, அதே ஆசாமிதான்.

அந்த 2 மார்க் கேள்வியை நம்பி ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியம்மா வீடு மரக்காணத்தில். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைவிக்கிறார்கள். தை, மாசியில் பாத்தியைச் சுத்தம் செய்து, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி பாமே இருக்கும். அதை ஒவ்வொரு பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு, 25 டிகிரி தாண்டியதும் உப்பு இறங்க ஆரம்பிக்கும். 29, 30 டிகிரிக்குப் போனால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதனால் அதற்கு முன்பே வாரிவிட வேண்டும். வாரியதைக் கரையில் அம்பாரமாகக் குவிப்பார்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் வேலை முடிந்தது. அடுத்த தை வரை பாத்தியில் ஒன்றும் நடக்காது. மழைக்காலத்தில் விலை கொஞ்சம் ஏறும், அப்போது விற்பதற்காகத்தான் அம்பாரத்தை மூடி வைப்பது. பிள்ளைகளின் ஃபீஸ், அடுத்த வருஷக் குத்தகை, பொங்கல் செலவு எல்லாம் அந்தக் குவியலுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் பனை ஓலை வேய்ந்து மூடினார்கள். இப்போது நீல ஷீட். நமக்கு அது வெறும் ஷீட், பெரியம்மாவுக்கு அது பீரோ.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்ததும் போகவில்லை, மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மூன்று நாள் கழித்து வழி கிடைத்து நான் மரக்காணம் போனபோது, கடல் பக்கம் இருந்த அம்பாரத்தில் கால்வாசிதான் மிச்சம். ஷீட் நார் நாராகக் கிழிந்து கயிற்றில் தொங்கியது. பக்கத்து அம்பாரம் ஒன்று மூடியது மூடியபடி நின்றது. அதே காற்று, அதே மழை.

பெரியம்மா அழவில்லை. "மழையை நான் குத்தம் சொல்லலடா. மழை அதோட வேலையைப் பார்த்துச்சு. ஷீட்டு அதோட வேலையைப் பார்க்கலியே, ஏன்? உங்க காலேஜ்ல இதைச் சொல்லித் தர மாட்டாங்களா?" என்றார்.

சொல்லித் தருகிறார்கள் பெரியம்மா. ஆனால் உங்கள் கேள்வியாகச் சொல்லித் தருவதில்லை.

கிழிந்த துண்டு ஒன்றை எடுத்து வந்து, உப்பு போகக் கழுவிக் காயவைத்தேன். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வெட்டி லேப் தராசில் வைத்தேன். அந்தத் துண்டின் கிராம் எடையை 100 ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை. வந்தது 1.2 கிராம். 120 ஜிஎஸ்எம். கடையில் 200 என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் போட லேப் கூடத் தேவையில்லை. 24 அடிக்கு 18 அடி ஷீட் என்றால் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் எடை 8 கிலோ வர வேண்டும். 4.8 கிலோ வந்தால் அது 120. கடையில் தராசு இருக்கும், போடச் சொல்லலாம். இதற்கென்றே ஐஎஸ் 7903 என்று இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது, அந்த எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

எடை மட்டும்தான் காரணமா? இல்லை. அதற்கு ஷீட்டின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

பாலிஎத்திலீன் 1933இல் இங்கிலாந்தில் ஐசிஐ கம்பெனியில் தற்செயலாகக் கிடைத்தது. அது கிளை கிளையாகப் பிரிந்த சங்கிலி, எல்டிபிஇ. 1953இல் ஜெர்மனியில் கார்ல் ஜீக்லர் ஒரு வினையூக்கியை வைத்து, குறைந்த அழுத்தத்திலேயே கிளை இல்லாத நேரான சங்கிலியைக் கொண்டுவந்தார். அதுதான் ஹெச்டிபிஇ. 1963இல் நட்டாவோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. வித்தியாசம் புரிய எங்கள் பக்கத்து உதாரணம் போதும். சீமைக்கருவேல முள்ளைக் கட்டிப் பாருங்கள், எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் இடம் இருக்கும். பனங்கட்டையை அடுக்கினால் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்காரும். முதலாவது எல்டிபிஇ, இரண்டாவது ஹெச்டிபிஇ. நெருங்கி அடுங்குவதால்தான் அதற்கு பலம் அதிகம், உருகுநிலை சுமார் 130 டிகிரி செல்சியஸ், உப்புத் தண்ணீரும் பெரும்பாலான அமிலங்களும் அதை ஒன்றும் செய்யாது.

நீல ஷீட்டில் இரண்டுமே இருக்கும். ஹெச்டிபிஇ படலத்தை நாடா நாடாகக் கிழித்து, இழுத்து முறுக்கேற்றி, பாய் மாதிரி நெய்து, இரண்டு பக்கமும் எல்டிபிஇ பூசுவார்கள். பலம் நெசவில், தண்ணீர் புகாமல் தடுப்பது பூச்சில்.

இவ்வளவு கெட்டிக்கார ஆசாமிக்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் சங்கிலி அறுந்து, ஆக்சிஜன் புகுந்து, அறுந்த இடத்திலிருந்து மேலும் அறுந்துகொண்டே போகும். பார்க்க நீலமாகத்தான் இருக்கும், கையில் கசக்கினால் பொடியும். இதைத் தடுக்க நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும், அது விலை. மலிவு ஷீட்டில் முதலில் கை வைப்பது அங்கேதான். கறுப்பு ஷீட்டில் 2 முதல் 3 சதவீதம் கார்பன் பிளாக் கலப்பார்கள். அது வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு சங்கிலியைக் காப்பாற்றும். பெரியம்மாவின் ஷீட் சித்திரையில் வாங்கியது. ஏழு மாத வெயில் அதை முதலில் கொன்றது, புயல் வந்து கொள்ளி வைத்தது. இன்னொன்று, கயிறு கட்டும் கண்கள் அலுமினியம். உப்புக் காற்றில் அவை அரித்துப் பொத்தலாகி, ஒரு கண் விட்டதும் ஷீட் படபடவென அடித்துக் கிழிந்திருக்கிறது.

கிழிந்ததை ஒட்டலாமே என்று சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் வைத்துப் பார்த்திருக்கிறார் பெரியப்பா. காய்ந்ததும் உரிந்து வந்துவிட்டது. பாலிஎத்திலீன் முனைவற்றது, பசைக்குப் பிடிமானம் கொடுக்காது. சூடுதான் நம்பகமான வழி. பழைய ஷீட் துண்டை மேலே வைத்து, நடுவில் வெண்ணெய்த்தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினோம். எல்டிபிஇ பூச்சு சுமார் 110 டிகிரியிலேயே இளகும் என்பதால் சின்னக் கிழிசல்கள் ஒட்டின. பெரிய கிழிசலுக்கு அது பத்தவில்லை.

அப்போதுதான் நான் அடுத்த யோசனையை எடுத்தேன். மேலே மூடுவதற்கு மட்டும் ஏன், பாத்தியிலேயே கறுப்பு ஷீட் விரிக்கலாமே? இந்தோனேசியாவின் மதுரா தீவில் அப்படித்தான் செய்கிறார்கள். தண்ணீர் கசியாது, சேறு கலக்காது, உப்பு வெள்ளையாக வரும், கறுப்பு என்பதால் சூடும் அதிகம் வாங்கும். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். எங்கள் வைவாவில் கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"அடியில தண்ணி பூந்தா?" மிதக்கும். ஹெச்டிபிஇ அடர்த்தி 0.95, உப்பு இறங்கும் தண்ணீரின் அடர்த்தி 1.2. ஓரத்தைப் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும்.

"வெயில்ல சுருங்காதா?" நீளும். 50 மீட்டர் ஷீட், காலையிலிருந்து உச்சி வெயிலுக்குள் கால் மீட்டர் வரை நீண்டு சுருக்கம் விழலாம். வாரும் பலகை அந்தச் சுருக்கத்தில் மாட்டினால் கிழியும்.

"குத்தகை போயிடுச்சுன்னா ஷீட்டை என்ன பண்றது?" பதில் இல்லை.

"அப்ப மிதிக்க வர்ற பொம்பளைங்களுக்கு?" அதற்கும் பதில் இல்லை.

கொரியாவில் பாத்தியில் விரிப்பு போட்டு எடுக்கும் உப்பைவிட, களிமண் தரையில் எடுக்கும் உப்பு அதிக விலைக்குப் போகிறது என்று படித்ததைச் சொன்னேன். "அங்க போகுது, இங்க போகுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த வருஷம் புதுச்சேரி கடையில் தராசில் போட்டு, 8 கிலோ வந்த ஷீட்டைத்தான் வாங்கினோம். அலுமினியக் கண்களை நம்பாமல், அம்பாரத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு மண் மூட்டை தொங்கவிட்டாயிற்று. கிழிந்த பழைய ஷீட்டை எரிக்கவில்லை, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போட்டோம். பாத்தியில் உதிர்ந்த நீல நார்களை மட்டும் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். உப்பில் ஒரு நீல நூல் தெரிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். பொறுக்கித் தீராதது பக்கத்தில் கழுவெளிக்குப் போகும். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த நீர்நிலை அது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்களுக்கு ஒன்று. எப்படிப்பட்ட ஷீட் வேண்டும் என்று பெரியம்மாவிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். ரெண்டு மழைக்காலம் தாங்கணும். ரெண்டு பேர் தூக்குற கனம்தான் இருக்கணும். கிழிஞ்சா நானே ஒட்டணும். நூல் உதிரக் கூடாது. விலை ஒரு மாசக் கூலிக்குள்ள இருக்கணும்.

ஐந்து வரி. இதில் எந்த இரண்டை வேண்டுமானாலும் இன்றைக்கே சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஐந்தையும் சேர்த்துத்தான் இன்னும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல், டெக்ஸ்டைல் யாராக இருந்தாலும் சரி, யோசனை இருந்தால் சொல்லுங்கள். மரக்காணம் வரை பஸ் டிக்கெட் என் செலவு.